வாலில் ஒட்டிய சின்னச் சொல்!
ஆங்கிலக் கூட்டு வினைகளைப் புரிந்துகொள்வது எப்படி?

ஆங்கிலத்தில் பெரிய சொல்லைக் கண்டு பயப்படத் தேவை இல்லை. அகராதியைப் புரட்டினால் பொருள் கிடைத்துவிடும். ஆளை ஏமாற்றுபவை சின்னச் சொற்கள்தான். அப், ஆஃப், அவுட், இன், ஓவர், டவுன் ஆகியவை தனியாக நிற்கும்போது பரம சாது. ஒரு வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டால், அதன் பொருளையே மாற்றிவிடும்.

"ஸ்ட்ரைக் கால்டு" என்றால் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு. "ஸ்ட்ரைக் கால்டு ஆஃப்" என்றால் வேலைநிறுத்தம் வாபஸ். "ஸ்ட்ரைக் புட் ஆஃப்" என்றால் வேறு தேதிக்குத் தள்ளிப் போடப்பட்டது. மூன்றில் எது என்று தெரியாமல் மறுநாள் காலையில் என்ன செய்வது?

பிழைக்க வந்த ஊரில் இந்தியோ மராத்தியோ கன்னடமோ கடைத்தெருவிலும் பக்கத்து வீட்டிலும் பேசிப் பேசியே வந்துவிடுகிறது. ஆனால் வேலை உத்தரவு, நோட்டீஸ், மேலதிகாரியின் குறிப்பு எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்த ஆங்கிலத்தில்தான் இந்தச் சின்னச் சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ஜான்சன் சொன்னது

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல. 1755-ம் ஆண்டு புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆங்கிலம் கற்கும் வேற்று நாட்டாருக்குப் பெரிய கஷ்டம் தருவது இதுதான் என்பது அவர் கருத்து. "பிரேசல் வெர்ப்" என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் வெளியிட்ட தமது நூலில் பயன்படுத்தினார். தமிழில் கூட்டு வினை என்று சொல்லலாம்.

தமிழில் இல்லையா?

கூட்டு வினை தமிழருக்குப் புதிது அல்ல. "எனக்குத் தூக்கிவாரிப் போட்டது" என்கிறோம். யார் எதைத் தூக்கினார்கள்? எங்கே போட்டார்கள்? தமிழ் படிக்கும் வடநாட்டுக்காரர் சொல் சொல்லாகப் பிரித்தால் திண்டாடிப் போவார். "அதிர்ச்சி அடைந்தேன்" என்று முழுசாகச் சொல்லிக் கொடுத்தால்தான் அவருக்குப் புரியும்.

"எடுத்துச் சொன்னார்" என்றால் விளக்கினார். "எடுத்தெறிந்து பேசினார்" என்றால் மரியாதை இல்லாமல் பேசினார். இரண்டிலும் கையால் எதையும் எடுக்கவில்லை. "குழந்தையைப் பார்" என்பது வேறு. "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்பது வேறு. ஆங்கிலத்திலும் இதே கதைதான். "லுக் அட்" என்றால் பார். "லுக் ஆஃப்டர்" என்றால் பார்த்துக்கொள்.

"புட் ஆஃப்" என்பதற்கு நாம் சொல்லும் "தள்ளிப் போடு" அப்படியே பொருந்துகிறது. அங்கே "புட்", இங்கே "போடு". "கிவ் அப்" என்பதற்குக் "கைவிடு" என்கிறோம். "ஈட் அப்" என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. அந்த "அப்" செய்யும் வேலையை இங்கே "விடு" செய்கிறது. ஆகவே கூட்டு வினையை ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்தால் பொருள் போய்விடும்.

ஆபீசில் வரும் "புட் அப்"

பைலைப் "புட் அப்" செய்யச் சொல்லி மேலதிகாரி எழுதினால், குறிப்பு எழுதி அவர் பார்வைக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்று பொருள். இந்திய அரசு அலுவலகங்களில் இது நெடுங்கால வழக்கம். அதே அதிகாரி, "எங்கே புட் அப் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறார். பின்னால் "வித்" சேர்ந்து "புட் அப் வித்" ஆனால், சகித்துக்கொள் என்று பொருள். ஒரே "புட் அப்" பைலுக்கும் வருகிறது, வாடகை அறைக்கும் வருகிறது, பொறுமைக்கும் வருகிறது.

"பாஸ் அவுட்" விஷயத்தில் கவனம் தேவை. 'காலேஜில் பாஸ் அவுட் ஆனேன்' என்றால் படிப்பை முடித்து வெளியே வந்தேன் என்று இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக் கம்பெனியின் நேர்முகத் தேர்வில் இதைச் சொன்னால், மயங்கி விழுந்தேன் என்று எதிரில் இருப்பவர் நினைக்கக் கூடும். அங்கே "கிராஜுவேட்டட்" என்பதே நல்லது.

தேவை இல்லாத ஒட்டும் உண்டு. "கோப் அப் வித்" என்று பலர் எழுதுகிறார்கள். "கோப் வித்" என்பதே சரி. "டிஸ்கஸ் அபவுட்" என்பதில் "அபவுட்" வேண்டாம். "ரிட்டர்ன் பேக்" என்பதில் "பேக்" வேண்டாம்.

"லே ஆஃப்" என்றால் டிஸ்மிஸ் அல்ல

தொழிலாளர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய கூட்டு வினை "லே ஆஃப்". அமெரிக்காவில் இதற்கு வேலையிலிருந்து நீக்குதல் என்ற பொருள் வந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவரை "லே ஆஃப்" செய்தன என்று செய்தி வரும்போதும் அதே பொருள்தான்.

ஆனால் இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் பொருள் வேறு. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் நிர்வாகம் வேலை கொடுக்க முடியாமல் போவதுதான் "லே ஆஃப்". தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் அப்படியே இருக்கும். வேலை போகவில்லை, நின்றிருக்கிறது. ஆட்குறைப்புக்கு "ரிட்ரென்ச்மென்ட்" என்று வேறு சொல் இருக்கிறது.

1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் இப்படி வகுத்தது. அதற்குப் பதிலாக, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொருள் மாறவில்லை.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், பருவகாலத் தொழில் அல்லாத ஆலையில், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு "லே ஆஃப்" நாட்களில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் இழப்பீடு உண்டு. வார விடுமுறை நாட்கள் இதில் சேராது. பதிலி, தற்காலிகத் தொழிலாளருக்கு இது கிடையாது.

இதில் ஒரு முக்கிய நிபந்தனை இருக்கிறது. குறித்த நேரத்தில் தினமும் ஒரு முறையாவது ஆலையில் ஆஜராக வேண்டும். ஆஜராகாதவருக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். நோட்டீசில் "லே ஆஃப்" என்று கண்டதும் வேலையே போய்விட்டது என்று நினைத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரெயில் ஏறுகிறவர் பாதிச் சம்பளத்தைத் தாமே விட்டுவிட்டுப் போகிறார்.

பழகுவதற்கு வழி

பட்டியலை மனப்பாடம் செய்வதால் அதிகப் பயன் இல்லை. முதலில் சின்னச் சொல்லின் போக்கைக் கவனிக்க வேண்டும். "ஆஃப்" பெரும்பாலும் விலகலையும் துண்டிப்பையும் காட்டும். "கட் ஆஃப்" என்றால் துண்டி. "சீ ஆஃப்" என்றால் வழியனுப்பு. "அவுட்" வெளியே வருவதையோ தீர்ந்து போவதையோ காட்டும். "ஃபைண்ட் அவுட்" என்றால் கண்டுபிடி. "ரன் அவுட்" என்றால் தீர்ந்து போ. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் ஊகிக்க உதவும்.

அடுத்தது சொல் நிற்கும் இடம். "இட்", "ஹிம்", "தெம்" போன்ற சொற்கள் "புட் ஆஃப்", "கால் ஆஃப்" போன்றவற்றில் நடுவில் வரும். "புட் இட் ஆஃப்" என்பதே சரி. "புட் ஆஃப் இட்" தவறு. "லுக் ஆஃப்டர்" பிரியாத வகை. அதில் "லுக் ஆஃப்டர் ஹிம்" என்றே வரும்.

கடிதம் எழுதும்போது சந்தேகம் வந்தால், தனிச் சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாம். "புட் ஆஃப்" என்பதற்குப் "போஸ்ட்போன்". "கால் ஆஃப்" என்பதற்குக் "கேன்சல்". "டர்ன் டவுன்" என்பதற்கு "ரிஜெக்ட்". "லுக் இன்டு" என்பதற்கு "இன்வெஸ்டிகேட்". அலுவலகக் கடிதத்துக்கு இவை கௌரவமாகவும் இருக்கும். பேச்சில் மற்றவர் கூட்டு வினையைத்தான் சொல்வார்கள். ஆகவே இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு போதும். புதிதாக ஒன்று காதில் விழுந்தால், அதை வாக்கியத்தோடு முழுசாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு 5 என்று வைத்தால் ஆண்டுக்கு 260 சேரும். ஆபீஸ் வேலைக்கு அது தாராளம். நோட்டீசில் புரியாத ஒன்று வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும்.