இருளைக் காக்கும் ஊர் விளக்குகள்

லடாக்கின் கிழக்குப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே வானாய்வகம் அமைந்துள்ளது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம், அங்கு நிறுவிய 2 மீட்டர் விட்டமுள்ள சந்திரா தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக ஒசகோட்டையிலிருந்தே இயக்கி வருகிறது. ஹான்லேயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் எளியவை: வறண்ட காற்று, மேகமற்ற இரவுகள், அருகில் பெருநகரம் எதுவும் இல்லாமை. ஆனால் மூன்றாவது காரணம் நிலையானதன்று. சாலை வந்தால் சுற்றுலா வரும். சுற்றுலா வந்தால் விடுதி வரும். விடுதி வாசலில் வெள்ளொளி விளக்கும் வந்துவிடும்.

இதனை உணர்ந்தே, 2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் வானாய்வகத்தைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பை இருண்ட வான் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இத்தகைய காப்பகம் இதுவே முதலாவது. மக்கள் குடியிருக்கும் பகுதி என்பதால், விளக்கே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. சன்னல்களுக்குத் தடித்த திரை, விளக்குகளுக்கு மேல்மூடி, வாகன முகப்பொளியைத் தாழ்த்துதல் ஆகியவையே கேட்கப்பட்டன. இவற்றுக்கு ஈடாக ஒரு வாழ்வாதாரமும் கிடைத்தது. உள்ளூர் ஆண்களும் பெண்களும் வானியல் பயிற்சி பெற்று, தங்களுக்கு வழங்கப்பட்ட தொலைநோக்கிகளைக் கொண்டு பயணிகளுக்குக் கோள்களையும் விண்மீன் கூட்டங்களையும் காட்டுகின்றனர். இல்லத் தங்கல் நடத்துவோருக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்திருப்பதைக் கருதினால், இருட்டும் ஒரு தொழில் மூலதனமே என்று கடன் பிரிவில் பணியாற்றும் என் போன்றோர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலையுச்சியில் இயலும், நம் ஊரில் இயலுமா என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண, ஒளி எவ்வாறு மாசாகிறது என்பதை அறிய வேண்டும். விளக்கிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றிலுள்ள மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, நகரின் மீது வெளிறிய போர்வையாகப் படர்கிறது. கிடைமட்டத்துக்குச் சற்றே மேலாகச் செல்லும் கதிர்கள் காற்றில் நெடுந்தொலைவு பயணிப்பதால், அவையே பக்கத்து ஊர்களின் வானத்தையும் கெடுக்கின்றன. நீல ஒளி மிகுதியாகச் சிதறுவதால் பகல் வானம் நமக்கு நீலமாகத் தெரிகிறது. அதே காரணத்தால், நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் இரவு வானத்துக்கு அதிகத் தீங்கு செய்கின்றன. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வழியைக் காண இயலாத நிலையில் உள்ளனர் என 2016-இல் வெளியான ஓர் ஆய்வு வரைபடம் காட்டியது.

நட்டம் வானியலாளர்களுக்கு மட்டும் என்று கருதலாகாது. ஒடிசாவின் ருசிகுல்யா கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள், கடலின் மேல் தெரியும் மங்கிய ஒளியைக் கொண்டே திசை அறிகின்றன. கரையோர விளக்குகள் கடலைவிடப் பளிச்சிட்டால், அவை ஊரை நோக்கி நகர்ந்து மடிகின்றன. மனிதரிடத்தும் இரவின் நீல ஒளி, உறக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது.

2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. மின்சாரச் சேமிப்பு பெரிது; அதில் ஐயமில்லை. ஆயினும் செலவு குறைந்ததும், ஒன்று போதுமான இடத்தில் மூன்று விளக்கு பொருத்தும் ஆசை நமக்கு வந்துவிடுகிறது. வங்கிக் கிளைகளின் பெயர்ப்பலகைகளும் இதற்கு விலக்கல்ல. ஏ.டி.எம். வாயிலில் இரவு முழுதும் வெளிச்சம் தேவை. பூட்டிய கிளையின் பலகை நள்ளிரவிலும் ஒளிர வேண்டிய தேவை என்னவென்று எனக்குப் புரிந்ததில்லை. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே விளம்பரத் தேடொளி விளக்குகளுக்குத் தடை விதித்தது. 2001-இல் உலகின் முதல் இருண்ட வான் நகரம் என்ற தகுதியைப் பெற்றது.

விளக்கைக் குறைத்தால் திருட்டு பெருகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் கண் கூசும் விளக்கு, தன் பின்னால் அடர்ந்த நிழலை உண்டாக்கி, அங்கு நிற்பவரை மறைக்கவும் செய்யும். பாதுகாப்புத் தருவது தரையில் சீராக விழும் ஒளியே. எனவே புதிய விளக்கு வாங்கும்போது, 3,000 கெல்வின் அல்லது அதற்குக் கீழான நிற வெப்பநிலை கொண்டதா என்று உறையைப் பார்க்கலாம். கடைக்காரரிடம் ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டாலும் போதும். ஆள் நடமாட்டம் இருக்கையில் மட்டும் எரியும் உணர்கருவி, பின்னிரவில் ஒளியைத் தணிக்கும் நேரக்கருவி ஆகியவற்றின் செலவை மின்கட்டணக் குறைவு காலப்போக்கில் ஈடுகட்டக்கூடும். குடியிருப்புச் சங்கத்தார் முதலில் செய்யத்தக்கதோ அதனினும் எளிது: சாய்வாக மேல்நோக்கியிருக்கும் வளாக விளக்குகளின் திருகைத் தளர்த்தி, முகம் தரையைப் பார்க்குமாறு திருப்பி முடுக்க வேண்டும். ஓர் ஏணியும் ஒரு மாலைப் பொழுதும் இதற்குப் போதும்.