பெரிய வால்வுகள்: மாற்றியமைத்த சிலிண்டர் ஹெட்டுக்குக் குறைந்த செலவில் தேடுதல்

பெட்ரோல் என்ஜினின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று சிலிண்டர் ஹெட். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வரும் வழியும், எரிந்த வாயு வெளியேறும் வழியும் அதில்தான் இருக்கின்றன. அந்த வழிகளுக்குக் கதவு போன்றவை வால்வுகள். உள்ளே விடுவது இன்லெட் வால்வு, வெளியே விடுவது எக்ஸாஸ்ட் வால்வு. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதைவிடத் தலையின் விட்டம் கூடுதலாக உள்ள வால்வுக்கு 'ஓவர்சைஸ் வால்வு' என்று பெயர்.

இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. உதிரிபாகக் கடைகளில் 'ஓவர்சைஸ்' என்று கேட்டால், தலை அதே அளவில் இருந்து தண்டு மட்டும் சற்றுத் தடித்த வால்வைக் கொடுக்கக்கூடும். தேய்ந்த கைடைச் சற்றுப் பெரிதாக்கி மீண்டும் பயன்படுத்துவதற்காக வருவது அது. இந்தக் கட்டுரை தலை பெரிதான வால்வைப் பற்றியது. கடையில் கேட்கும்போது மில்லிமீட்டரில் அளவைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

எடுத்துக்காட்டாக இங்கே பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'ஏ' வரிசை என்ஜினை எடுத்துக்கொள்வோம். 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சி.சி. அளவில் அறிமுகமான இது, மோரிஸ் மைனரிலும் 1959இல் வந்த மினியிலும் இடம்பெற்று, 2000ஆம் ஆண்டு பழைய மினியின் உற்பத்தி நிற்கும்வரை தயாரானது. இலங்கைச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர்களிலும் இந்த வரிசை என்ஜின்கள் இருந்தன. நம் அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. என்ஜின் அதே நிறுவனத்தின் 'பி' வரிசை. இதற்கு அண்ணன் என்று சொல்லலாம். குறைந்த பணத்தில் என்ஜினை மாற்றியமைப்பவர்கள் உலகில் மிக அதிகமாகக் கைவைத்த என்ஜின்களில் 'ஏ' வரிசையும் ஒன்று. ஆகையால் அதன் அளவுகள் எல்லாம் நன்கு அறியப்பட்டவை.

விட்டம் கூடினால் என்ன கிடைக்கும்?

998 சி.சி. மினியின் சாதாரண இன்லெட் வால்வுத் தலை 27.8 மி.மீ. விட்டம் கொண்டது. எம்.ஜி. 1100 காரிலும் 998 சி.சி. கூப்பரிலும் வந்த ஹெட்டில் அது ஏறக்குறைய 31 மி.மீ. 1275 சி.சி. என்ஜினின் பொதுவான ஹெட்டில் 33.3 மி.மீ. கூப்பர் எஸ், எம்.ஜி. மெட்ரோ ஆகியவற்றில் 35.7 மி.மீ.

வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 33.3இலிருந்து 35.7க்குப் போனால் விட்டம் 7 சதவீதம்தான் கூடுகிறது. பரப்போ 15 சதவீதம் கூடுகிறது. 27.8இலிருந்து 31க்குப் போனால் பரப்பு 24 சதவீதம் கூடும். மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இந்தப் பரப்பு முழுவதும் காற்றுக்குக் கிடைத்துவிடாது. வால்வு திறந்திருக்கும்போது காற்று நுழைவது தலைக்கும் சீட்டுக்கும் இடையே சுற்றிலும் உள்ள இடைவெளியின் வழியாகத்தான். அந்த இடைவெளியின் பரப்பு, வால்வின் சுற்றளவை அது எழும்பும் உயரத்தால் பெருக்கினால் ஏறக்குறையக் கிடைக்கும். எழும்பும் உயரம் விட்டத்தில் கால் பங்கை எட்டும்போதுதான் இந்தப் பரப்பு வால்வுத் தலையின் பரப்புக்குச் சமமாகிறது. 35.7 மி.மீ. வால்வுக்கு அந்த உயரம் 8.9 மி.மீ. கேம்ஷாஃப்ட் அவ்வளவு தூக்காத வண்டியில் வால்வை மட்டும் பெரிதாக்கினால், 15 சதவீதம் என்று எதிர்பார்த்த இடத்தில் 7 சதவீதத்தை ஒட்டிய ஆதாயமே மிஞ்சும். ஊருக்குள் ஓட்டும் சாதாரண வண்டிக்கு, உள்ள வால்வின் சீட்டை மூன்று கோணங்களில் நன்றாக வெட்டி, துவாரத்தின் கரடுமுரடை நீக்குவதே பல வேளைகளில் போதும். அதற்குப் புது வால்வின் செலவே இல்லை.

இடம் இருக்கிறதா?

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. 1275 சி.சி. என்ஜினின் சிலிண்டர் விட்டம் 70.6 மி.மீ. கூப்பர் எஸ் ஹெட்டில் இன்லெட் 35.7, எக்ஸாஸ்ட் ஏறக்குறைய 31. இரண்டையும் கூட்டினால் 66.7. மிஞ்சுவது 4 மி.மீ.க்கும் குறைவு. அதற்குள்தான் இரண்டு வால்வுகளுக்கும் நடுவே உள்ள பாலமும் இரு பக்கச் சுவர் இடைவெளியும் அடங்க வேண்டும். கூப்பர் எஸ் ஹெட்டுகள் இந்த மெலிந்த பாலத்தில் விரிசல் விடுவதற்குப் பெயர் போனவை. எம்.ஜி. மெட்ரோவில் இன்லெட்டை 35.7ஆகவே வைத்து எக்ஸாஸ்ட்டை 29.2ஆகக் குறைத்திருப்பதைப் பார்த்தால், அந்தச் சில மில்லிமீட்டருக்கு எவ்வளவு மதிப்பு என்பது விளங்கும். எக்ஸாஸ்ட் சிறிதானதால் பெரிய இழப்பும் இல்லை. எரிந்த வாயு தன் அழுத்தத்தாலேயே வெளியேறிவிடும். சிலிண்டருக்குள் வரும் கலவைக்கு அத்தகைய உந்துதல் கிடையாது.

சிறிய சிலிண்டரில் சிக்கல் இன்னும் அதிகம். 998 சி.சி. என்ஜினின் சிலிண்டர் விட்டம் 64.6 மி.மீ. மட்டுமே. அதன்மேல் 1275இன் ஹெட்டைத் தூக்கி வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது பிளாக்கின் விளிம்பில் இடிக்கும். இடிக்காமல் இருக்கப் பிளாக்கின் மேல்விளிம்பில் பிறை வடிவில் குழிவெட்ட வேண்டும். இடிக்காவிட்டாலும், சுவரை ஒட்டி நிற்கும் வால்வின் அந்தப் பக்கத்தில் காற்று சரியாக நுழையாது. இடமில்லாத இடத்தில் வைத்த பெரிய வால்வு, இடம் உள்ள சிறிய வால்வைவிடக் குறைவாகவே காற்றை விடக்கூடும்.

மலிவு எங்கே இருக்கிறது?

வால்வு தயாரிப்பில் உருக்குக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கிக் குமிழாகத் திரட்டி, அச்சில் அடித்துத் தலையாக்குகிறார்கள். பிறகு வெப்பப் பதம், கிரைண்டிங், சில வகைகளுக்குத் தண்டில் குரோமியப் பூச்சு. அச்சுக்கும் இயந்திரம் அமைப்பதற்கும் ஆகும் செலவு லட்சக்கணக்கான வால்வுகளில் பங்கிடப்படுவதால்தான் ஒவ்வொன்றும் மலிவாக வருகிறது. எட்டே எட்டு வால்வுகளை மட்டும் தனியாகச் செய்யச் சொன்னால் அந்தச் செலவு முழுவதும் எட்டின் தலையில் விழும்.

எனவே மலிவான பெரிய வால்வு என்பது பெரும்பாலும் வேறொரு வண்டிக்காக ஏற்கெனவே பெருமளவில் தயாரான வால்வுதான். முதலில் தேட வேண்டியது அதே குடும்பத்தின் பெரிய என்ஜினில். 'ஏ' வரிசையின் பெரிய சிறப்பு இதுவே: மேலே சொன்ன நான்கு இன்லெட் வால்வுகளுக்கும் தண்டின் தடிமன் ஒன்றுதான், ஏறக்குறைய 7.1 மி.மீ. கைடை மாற்றாமலே தலையில் பெரியதற்குப் போகலாம். எம்.ஜி. மெட்ரோவின் ஹெட் நல்ல நிலையில் முழுதாகக் கிடைத்தால், வால்வுகளைத் தனியாக வாங்கிச் சீட் வெட்டுவதைவிட அதுவே மலிவாக முடியும். சீட் வெட்டும் கூலியும் அதில் அடங்கிவிடுகிறதே!

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஷெவர்லேயின் சிறிய வி8 என்ஜினுக்கு 1.94 அங்குல இன்லெட் வால்வு இருந்தது, 1964இல் 2.02 அங்குல வால்வையும் அந்நிறுவனமே கொண்டுவந்தது. ஏறக்குறைய 49.3 மி.மீ.யிலிருந்து 51.3 மி.மீ.க்கு ஒரு தாவல். தண்டு இரண்டுக்கும் ஒன்றே. தொழிற்சாலை அளவாகவே ஆகிவிட்டதால் பல நிறுவனங்கள் அதைச் செய்து குவித்தன. ஓவர்சைஸ் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இல்லாமல் போனது.

குடும்பத்துக்குள் கிடைக்காவிட்டால் அடுத்த வழி, வால்வு தயாரிப்பாளர்களின் அளவுப் பட்டியல். பெரிய தயாரிப்பாளர்களின் பட்டியல்களில் வண்டியின் பெயரோடு தலை விட்டம், தண்டின் தடிமன், மொத்த நீளம், சீட் கோணம் ஆகியவை இருக்கும். சென்னையை மையமாகக் கொண்ட ரானே குழுமம்கூட என்ஜின் வால்வுகளைத் தயாரிப்பதில் பல பத்தாண்டுகள் அனுபவம் உள்ளது. வண்டியின் பெயரை மறந்துவிட்டு எண்களை மட்டும் பார்த்துத் தேட வேண்டும். ஐரோப்பியக் கார்களில் 8 மி.மீ. தண்டு நெடுங்காலம் பரவலாக இருந்ததால், அந்தத் தடிமனில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1.8இன் 40 மி.மீ. இன்லெட் வால்வு 8 மி.மீ. தண்டு கொண்டது. ஃபோர்டு பின்டோ 2.0 என்ஜினின் 42 மி.மீ. வால்வும் அப்படியே.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது

பட்டியலைப் பார்க்கும்போது எந்த அளவு முக்கியம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தலை விட்டத்தை முதலில் பார்ப்பது இயல்பு. ஆனால் எளிதாக மாற்றக்கூடியதே அதுதான். சற்றுப் பெரிய தலையைக் கிரைண்டிங்கில் குறைத்துவிடலாம். தலையின் விளிம்புத் தடிமன் மட்டும் இன்லெட்டில் 1 மி.மீ.க்கும் எக்ஸாஸ்ட்டில் 1.5 மி.மீ.க்கும் குறையாமல் இருப்பது நல்லது. மெலிந்த விளிம்பு சூட்டில் பழுத்து எரிந்துபோகும்.

தண்டின் தடிமன் அப்படியல்ல. கிரைண்டிங் செய்தால் குரோமியப் பூச்சு போய்விடும். ஆகவே தண்டுக்கு ஏற்பக் கைடைத்தான் மாற்ற வேண்டும். தண்டு மெலிதாக இருந்தால் கைடுக்குள் வெண்கல லைனர் போடலாம். தடிமனாக இருந்தால் கைடின் துளையைப் பெரிதாக்கலாம், அல்லது புதுக் கைடே போடலாம். இவை ஓரளவு வசதியுள்ள பட்டறைகளில் முடிகிற வேலை. தண்டு மெலிந்தால் எடை குறையும், காற்றின் வழியும் சற்று விரியும் என்பது கூடுதல் ஆதாயம்.

நீளம்தான் தொல்லை. குட்டையான வால்வை நீட்ட முடியாது. நீளமானதை வெட்டலாம், ஆனால் தண்டின் நுனி கடினப் பதம் ஏற்றப்பட்டது. வெட்டினால் அந்தப் பதம் போய், ராக்கர் தட்டித் தட்டி நுனி காளான்போல் விரியும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் நுனியில் கடினமான தொப்பி ஒன்று மாட்ட வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் லாக் உட்காரும் பள்ளத்தையும் புதிதாக வெட்ட நேரிடும். அந்தப் பள்ளத்தின் அடியில் கூரான மூலை விழுந்தால் வால்வு அங்கேயே முறியும். முறிந்த தலை ஓடும் என்ஜினில் சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன், ஹெட், சில வேளை பிளாக் எல்லாமே பாழ். வால்வில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் அந்த ஒரு நொடியில் முழு என்ஜினின் விலையாகிவிடும். இதனால், நீளமும் லாக் பள்ளமும் பொருந்துகிற வால்வு சற்று விலை கூடுதலானாலும் அதை எடுப்பதே என் பரிந்துரை.

உலோகமும் கவனிக்க வேண்டியது. இன்லெட் வால்வுகள் பெரும்பாலும் குரோமியமும் சிலிக்கானும் கலந்த உருக்கு, காந்தம் ஒட்டும். எக்ஸாஸ்ட் வால்வின் தலை, ஓட்டத்தில் மங்கிய சிவப்பாகப் பழுக்கும் அளவு சூடேறும். அதற்கு 21-4என் போன்ற, ஏறக்குறைய 21 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் நிக்கலும் கொண்ட உருக்கு பயன்படுகிறது. அதில் காந்தம் ஒட்டாது. தலை ஒட்டாமல் தண்டு ஒட்டினால், இரண்டு உலோகங்களை உராய்வு வெல்டிங்கில் இணைத்த வால்வு என்று கொள்ளலாம். பெயர் தெரியாத வால்வைக் கையில் வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் இருப்பது நல்லது. காந்தம் தலையில் நன்றாக ஒட்டும் வால்வு, தலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இத்தகைய என்ஜினின் எக்ஸாஸ்ட் பக்கம் போகக்கூடாது. இன்லெட் வால்வைச் சிறிதாக்கி எக்ஸாஸ்ட்டாகப் போடும் குறுக்கு வழியும் இதனால்தான் தவறு.

பழைய வால்வுகளை வாங்கலாமா? நேராக இருக்கிறதா என்று உருட்டிப் பார்த்து, தண்டின் தேய்மானத்தை மைக்ரோமீட்டரில் அளந்து திருப்தியானால் இன்லெட்டை வாங்கலாம். பழைய எக்ஸாஸ்ட் வேண்டாம். எத்தனை ஆயிரம் மணி நேரம் சூட்டில் வெந்தது என்பது வெளியே தெரியாது.

வால்வுக்கு அப்பால் வரும் செலவு

வால்வு மலிவாகக் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பட்டறையின் கூலிச் சீட்டைப் பார்த்துத் திகைப்பார்கள். சீட்டைப் பெரிதாக வெட்ட வேண்டும். ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபின் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கடினமான சீட் வளையம் பதிப்பது வழக்கமாகிவிட்டது. வளையம் பதிக்கத் தோண்டும்போது நீர் ஓடும் அறை வரை துளை விழுந்தால் ஹெட்டே வீண். தலை பெரிதானால் எடையும் கூடும். பழைய ஸ்பிரிங் அதிக வேகத்தில் அதை அடக்காமல் போகலாம். ஸ்பிரிங்கின் பொருத்திய உயரத்தை ஒவ்வொரு வால்வுக்கும் அளக்க வேண்டும்.

கடைசியாக, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் தலையில் சிறிது மெழுகுக் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி, கேம் டைமிங்கையும் வால்வு இடைவெளியையும் சரியாக வைத்து, என்ஜினைக் கையால் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றிய பின் கழற்றிப் பார்க்கலாம். வால்வு அழுத்திய இடத்தில் களிமண் 2 மி.மீ. தடிமனாவது மிஞ்சியிருக்க வேண்டும். அழுத்தப்பட்ட ஹெட் கேஸ்கெட்டையே இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டும். புதிய கேஸ்கெட் இன்னும் அழுந்தாமல் இருப்பதால் இடைவெளியைக் கூட்டிக் காட்டும். சுற்றும்போது எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்தி, ஹெட்டைக் கழற்ற வேண்டும்.