வெள்ளணுவுக்குள் வாழும் மண் கிருமி

வெப்பமண்டல ஈர மண்ணில் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்குகிறது. 1911இல் ரங்கூனில் இதைக் கண்டறிந்தவர்கள் ஆல்ஃப்ரெட் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசாமியும். நோய்க்கு மறுபெயராக ஒட்டிக்கொண்டதென்னவோ விட்மோர் பெயர்தான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் இது நிலையாக உள்ள நோய். லூனாஸ் தோட்டப்புறமோ அலோர் ஸ்டார் வயலோ, வெறுங்காலில் ஒரு கீறல் இருந்தாலே கிருமி நுழைய வழியுண்டு.

நுழைந்த கிருமியை மேக்ரோபேஜ் என்னும் வெள்ளணு விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அமிலத்தாலும் நொதிகளாலும் அழிக்கப் பார்க்கும். இந்தக் கிருமியோ ஊசி போன்ற புரத அமைப்பால் தன் புரதங்களைச் செலுத்தி, சில மணி நேரத்துக்குள் பையை உடைத்து வெளியேறிவிடும். பிறகு அணுவின் சொந்த ஆக்டின் புரதத்தையே வாலாகக் கோத்து நகரும். பக்கத்து அணுக்களை ஒன்றோடொன்று இணைத்து, பல உட்கருக்கள் கொண்ட பேரணுவாக்கியும் விடும். இப்படி வெளியே வராமலே பரவுவதால் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் அதை எட்டுவதில்லை.

பல ஆண்டுகள் ஒளிந்திருந்து தாக்குவதும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். சிகிச்சையாக, செஃப்டாசிடிம் ஊசி குறைந்தது இரண்டு வாரம் போட்டபின், கோட்ரிமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது தொடர வேண்டும்; பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.