கோல்ஃப் பயிற்சியில் காலடி விசை

கோல்ஃப் பந்தைத் தூரமாக அனுப்புவது கைகள் மட்டும் என்று பலர் நினைக்கிறோம். அந்த வேகம் காலடியில் தொடங்குகிறது. நாம் தரையை எவ்வளவு அழுத்துகிறோமோ, அவ்வளவு தரையும் நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. பள்ளியில் நான் பல ஆண்டுகள் நடத்திய நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, எங்கள் சிப்பிகாட்டு வயல்களில் கடல்நீர் புகுந்தது. அந்தச் சேற்றில் நடந்தவர்களுக்குத் தெரியும், கால் வழுக்கினால் உடம்பை வேகமாகத் திருப்பவே முடியாது.

சென்னையில் கோல்ஃப் பயிலும் என் தங்கை மகள், "காலடி விசையை அளக்கும் சோதனைக்குப் பணம் கட்டலாமா, மாமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை நம் சங்க வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

ஃபோர்ஸ் பிளேட் எனப்படும் விசைத் தகட்டின் மேல் நின்று மட்டையை வீச வேண்டும். மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு ஆகிய மூன்று திசைகளிலும் உள்ள விசையை அது நொடிக்குப் பல நூறு முறை பதிவு செய்யும். அழுத்த விரிப்பு என்பது வேறு. பாதத்தின் எப்பகுதியில் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டுமே அது காட்டும். எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

பயன் என்ன? உடம்பின் அசைவு கண்ணுக்குத் தெரியும், விசை தெரியாது. வலக்கை ஆட்டக்காரர்களில் தேர்ந்தவர்கள், மட்டை பின்னால் போய் முடியும் முன்பே இடக்காலில் அழுத்தத்தை ஏற்றத் தொடங்குகிறார்கள். தரையை உதைக்கும் விசை, மட்டை பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே உச்சத்தை எட்டிவிடுகிறது. தொடும்போது உதைத்தால் காலம் கடந்துவிடும். இந்த நேரக் கணக்கைத் தகடு காட்டிக் கொடுக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முள் உள்ள எடைக் கருவியில் நின்று சட்டென்று முழங்காலை மடக்குங்கள். முள் முதலில் இறங்கும். நீங்கள் நிற்கும்போது உங்கள் எடையையும் தாண்டி ஏறும். எடை மாறவில்லை, விசைதான் மாறியது.

ஆனால் தூரம் மட்டுமே ஆட்டமன்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு 4-ஆம் இடம் பெற்றார். அவருடைய பலம் தூரமாக அடிப்பதில் இல்லை. குழியருகே பந்தைத் தட்டிவிடும் நுணுக்கத்தில் இருந்தது.

எக்ஸ்ரே படத்தைப் படிக்க மருத்துவர் வேண்டும். அதுபோல, வரைபடத்தைப் பார்த்து இன்ன பிழை, இன்ன பயிற்சி என்று சொல்லும் பயிற்றுநர் இருந்தால் பணம் கட்டலாம். இல்லையென்றால் அதே பணத்தில் இன்னும் சில நாள் பயிற்சி பெறுவதே மேல்.