நிதி யார் கையில், கிணறு யார் கையில்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் காலனி ஒன்றில் மாலைநேரப் பள்ளி நடந்தது. ஒரு தொண்டு நிறுவனம் நோட்டுப் புத்தகமும் ஆசிரியைக்குச் சம்பளமும் கொடுத்தது. பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள். அந்த ஐப்பசியில் சுடுகாட்டுப் பாதையை ஊர்க்காரர்கள் வேலி போட்டு அடைத்தார்கள். பாடையை வயல் சேற்றில் தூக்கிப் போனோம். கலெக்டருக்குக் கொடுத்த மனுவில் அந்த ஆசிரியையும் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரமே நிறுவனத்தின் அலுவலர் வந்தார். “தோழர், பாதைப் பிரச்சினை எங்க திட்டத்துல இல்லை. நிதி கொடுக்கிறவங்களுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆசிரியை மனுவிலிருந்து விலகிக்கொண்டார்.

இது இன்று தொடங்கிய கதை அல்ல. பூனா ஒப்பந்தம் முடிந்த சில நாட்களில், 1932 செப்டம்பர் 30 அன்று தீண்டாமை ஒழிப்புக்கென ஒரு அமைப்பு தொடங்கப்பட்டது. பின்னாளில் அதுவே ஹரிஜன சேவா சங்கம் ஆனது. தலைவர் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா. செயலாளர் ஏ.வி.தக்கர், சென்னை தியாகராய நகரின் தக்கர் பாபா வித்யாலயா இவர் பெயரில் உள்ளதுதான்.

லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், அந்த நவம்பரில் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க, ஊர்ப் பள்ளியில் சேர, சாவடியில் உட்கார உரிமை கேட்டுப் போராடுங்கள். மோதல் வரும், அதற்கு அஞ்சாதீர்கள். ஊழியர்களை எங்கள் மக்களிடமிருந்தே எடுங்கள். இதுதான் கடிதத்தின் சாரம். பதில் வரவில்லை.

சங்கம் விடுதி, உதவித்தொகை, தனிக்கிணறு, தனிப்பள்ளி என்று வேலை செய்தது. அதனால் படித்து மேலே வந்தவர்கள் உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்க்கிணறு மூடியே கிடந்தது. நிர்வாகத்தில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, எனவே நடத்துவதும் அவர்களே என்று காந்தி தரப்பு விளக்கம் சொன்னது. 1945-இல் காங்கிரசும் காந்தியும் செய்தது என்ன என்று ஆராய்ந்து எழுதிய நூலில் அம்பேத்கர் இதை விரிவாக விமர்சித்தார்.

இதற்கு ஐந்தாண்டு முன்னால் மகாத் நகரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1927 மார்ச் மாநாட்டுக்கு வந்த மக்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. 40 ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்கினார்கள். பிறகு ஊர்வலமாகப் போய் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடி விழுந்தது, வழக்கு வந்தது. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். குளத்துக்குப் போகலாமா என்று எந்தப் புரவலரிடமும் அவர்கள் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்காக வெளிப்பணமே தீட்டு என்று சொல்லவில்லை. 1920-இல் ‘மூக்நாயக்’ இதழ் தொடங்க கோலாப்பூர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் தந்தார், அம்பேத்கர் வாங்கிக்கொண்டார். பணத்தோடு முடிவெடுக்கும் அதிகாரமும் கைமாறுகிறதா என்பதே கேள்வி.

இன்று கயிறு இன்னும் இறுகியிருக்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டப்படி, நிதி பெறும் பெரிய நிறுவனம் அதைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. இன்னொரு பக்கம், 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் தையல் மெஷினும் கம்ப்யூட்டரும் வரும். வன்கொடுமை வழக்கின் சாட்சிக்குப் பஸ் காசு வருவது அபூர்வம்.

தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகள் முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யார் தருகிறார்கள்? எதற்குத் தரமாட்டார்கள்? முடிவெடுக்கும் குழுவில் நம் தெருக்காரர் எத்தனை பேர்?

எங்கள் பாதைக்கு வீட்டுக்கு 50 ரூபாய் போட்டோம். கணக்கை மாதம் ஒருமுறை மாரியம்மன் கோயில் திண்ணையில் சத்தமாக வாசித்தோம். அந்தக் காசில்தான் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் சர்வேயரிடமும் அலைந்தோம். பாதி வேலி அகன்றுவிட்டது. மீதிக்காக இந்த மாதமும் வசூல் நடக்கிறது. ஆசிரியை அக்காவும் 50 ரூபாய் கொடுத்திருக்கிறார்.