சொல்லடைவுப் பணியில் ஜாவா வகுப்புகளின் பயன்

பழம்பாடல்களுக்குச் சொல்லடைவு தொகுப்போர் இன்று கணிப்பொறியின் துணையை நாடுகின்றனர். அங்ஙனம் நாடுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல், பொறிக்கு இருவேறு சொற்களாகப் படுவதுண்டு. அதன் காரணத்தையும், மேட்லேப் என்னும் எண்கணிப்புச் சூழலுள் ஜாவா மொழியின் வகுப்புகளை அழைத்து அதனை நீக்கும் முறையையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இடர் யாதெனக் காண்போம். யூனிகோடு முறையில் 'கொ' என்னும் உயிர்மெய்யை இருவகையாகப் பதிந்து வைத்தல் கூடும். ககரத்தின் எண் 2965. அதனையடுத்து ஒகரக்குறி 3018 என்னும் ஓரெண்ணாக நிற்றல் ஒருவகை. ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என ஈரெண்ணாகப் பிரிந்து நிற்றல் மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. மேட்லேப்போ எழுத்துத்தொடரை எண்வரிசையாகவே கொள்ளும். ஆகலின், முன்னதன் நீளம் 2, பின்னதன் நீளம் 3 எனக் கண்டு, இரண்டும் வேறெனக் கூறும். 'கொடி' என்னும் சொல் நூலுள் பத்திடத்து வந்திருப்பவும் ஆறிடமே அகப்படுமாயின், அவ்வடைவை நம்பி எழுந்த முடிபும் பிழைபடும்.

இதற்கு மருந்து ஜாவாவில் உளது. ஜாவா நிரல், தொகுப்பியால் இடைநிலை வடிவத்திற்கு மாற்றப்பட்டு, வகுப்பு என்னும் அலகாக நிற்கும். மூலநிரலை அறியாதாரும் அதன்கண் அமைந்த செயன்முறைகளைப் பெயர்சொல்லி அழைக்கலாம். 2006-இல் வெளிவந்த ஜாவா 6-ஆம் பதிப்பில் 'நார்மலைசர்' என்னும் வகுப்பு பொதுப்பயனுக்கு வந்தது. அதன் 'என்.எப்.சி.' வடிவம், பிரிந்து நின்ற குறிகளை ஒன்றுசேர்க்கும். தமிழில் இச்சேர்க்கை ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகியவற்றின் குறிகளுக்கும், 'ஔ' என்னும் உயிரெழுத்துக்கும் உரியது.

அழைக்கும் முறையில் மூன்று கருதத்தக்கன. ஒன்று, இவ்வகுப்பு ஜாவாவின் நூலகத்தைச் சார்ந்ததாகலின் இருப்பிடம் சுட்ட வேண்டுவதில்லை. நாமே இயற்றிய வகுப்பாயின், 'ஜாவாஆட்பாத்' என்னும் கட்டளையால் சுட்டல் வேண்டும். அது மேட்லேப் பயன்படுத்தும் ஜாவாவினும் பிற்பட்ட பதிப்புக்கெனத் தொகுக்கப்பட்டதாயின் இயங்காது. இரண்டு, 'என்.எப்.சி.' என்பது நார்மலைசருள் அடங்கிய உள்வகுப்பின் உறுப்பு. உள்வகுப்பின் பெயரில் டாலர்க்குறி வருதலின், மேட்லேப்பில் அதனை நேரே எழுதலாகாது. 'ஜாவாமெத்தட்' என்னும் செயல்வழியே பெறல் வேண்டும். மூன்று, விடையாக வருவது ஜாவாவின் தொடர். அதனை 'சார்' என்னும் செயலால் மேட்லேப்பின் தொடராக்கிக் கொள்க. ஜாவாவின் முறைகள் எழுத்திடத்தை 0 முதலாகவும், மேட்லேப் 1 முதலாகவும் எண்ணும் வேறுபாட்டையும் மறத்தலாகாது.

இம்முறையின் எல்லையும் அறியத்தக்கது. ஔகாரக்குறியின் பின்னுறுப்புக்கு உரிய எண் 3031. அதனிடத்து ளகரத்தைத் (2995) தட்டெழுதியிருப்பின் நார்மலைசர் அதனைத் திருத்தாது. பதிப்பாசிரியரே திருத்தல் வேண்டும். மேலும், ஒருமைப்பட்ட பின்னரும் 'கொ' ஈரெண்ணாகவே நிற்கும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் இலக்கண மரபின்படி எழுத்தெண்ண விழைவார், அதற்குரிய விதியை வேறாக வகுத்தல் வேண்டும்.

ஆகவே, பாடத்தை ஒருவடிவாக்கிய பின்னரே தேடலும் எண்ணலும் தொடங்குதல் முறையாகும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந்தெளிந்த பின்னரே பொருளாய்வு தொடங்குதல் நம் பதிப்பாசிரியர் கண்ட நெறி. பொறிவழி ஆய்வுக்கும் அந்நெறியே பொருந்தும் என்பது இதனாற் பெறப்படும்.