ஒலிபெருக்கியின் பழுதும் திருத்தமும்

ஒலிபெருக்கி என்னும் பெயர் எல்லார் நாவிலும் பழகிவிட்ட பெயர். ஆயினும் அக்கருவி உண்மையிற் செய்யும் தொழிலை அப்பெயர் சரிவரக் காட்டுவதன்று. நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கி வலிமையூட்டுவது ‘அம்பிளிபயர்’ என வழங்கும் வேறொரு கருவியின் வேலை. கோயில் வீதியிலே தென்னை மரத்திற் கட்டப்பட்டிருக்கும் புனல் வடிவான கருவியும், வானொலிப் பெட்டியின் துணித்திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கூம்பு வடிவான கருவியும் தம்மிடம் வந்து சேரும் மின்னோட்டத்தை ஒலியாக மாற்றித் தருவன, அவ்வளவே. பெருக்குவது ஒன்று, பேசுவது மற்றொன்று.

இவ்வேறுபாட்டை அறியாமையினால் விளையும் நட்டம் சிறிதன்று. ஒலி தெளிவாக இல்லை என்றதும் பெரும்பாலோர் செய்வது சத்தத்தைக் கூட்டும் திருகியைத் திருப்புவதே. தெளிவின்மைக்கும் சத்தக் குறைவுக்கும் தொடர்பு உண்டென எண்ணி இவ்வாறு செய்கின்றனர். காயம் பட்ட ஒலிபெருக்கிக்கு மேலும் வலிய மின்னோட்டத்தை ஊட்டுவது, நொண்டும் மாட்டின் வண்டியிலே பாரத்தை ஏற்றுவது போன்றது. சிறு செலவிலே திருத்தக்கூடியதாயிருந்த கருவி முற்றாக எரிந்து போவது பெரும்பாலும் இவ்விதமாகத்தான்.

தெளிவு என்பது இனிமையைப் பற்றிய காரியம் மட்டுமன்று. தமிழ் இலக்கணம் எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் வகுத்திருக்கிறது. பேச்சொலியின் வலிமையிற் பெரும்பகுதியைச் சுமப்பவை உயிரெழுத்துக்கள். ஒரு சொல்லை மற்றொரு சொல்லினின்றும் பிரித்துக் காட்டுவதிற் பெரும்பங்கு மெய்யெழுத்துக்களுக்கு உரியது. பாடம், பாதம், பாசம் என்னும் மூன்று சொற்களையும் வேறுபடுத்துவது நடுவிலே நிற்கும் ஒரு மெய்யொலியே. இம்மெய்யொலிகளுட் பல வலிமை குன்றியவை. அவற்றின் அடையாளம் பெரும்பாலும் செக்கனுக்கு 2000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட உயர்ந்த மீடிறன்களிலே தங்கியிருக்கிறது. பழுதுபட்ட ஒலிபெருக்கி முதலில் விழுங்கிவிடுவதும், தன் இரைச்சலால் மூடிவிடுவதும் இவற்றையே. சனசமூக நிலையத்திலிருந்து ஒரு மரண அறிவித்தலோ, மாரி காலத்திலே வெள்ள எச்சரிக்கையோ விடுக்கப்படும்போது, யாரோ உரத்துப் பேசுகிறார் என்பது ஊர் முழுவதும் கேட்கும். எந்த ஊர், எத்தனை மணி என்பது எவருக்கும் விளங்காது. அறிவித்தல் செய்யப்பட்டும் செய்யப்படாததாகவே முடியும்.

இக்கருவியின் உள்ளமைப்பு எளிமையானது. வலிய நிலைக்காந்தம் ஒன்றின் முனைகளுக்கு நடுவே வளைய வடிவான ஒடுங்கிய இடைவெளி உண்டு. மெல்லிய செப்புக்கம்பியாற் சுற்றப்பட்ட சுருள் ஒன்று அவ்விடைவெளியிலே எதனையும் தொடாமல் நிற்கிறது. இதனைக் குரற்சுருள் என்பர். அச்சுருள் காகிதக் கூம்பின் அடியோடு ஒட்டப்பட்டிருக்கும். மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னுமாக அசைகிறது, கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது, அதுவே ஒலி. கூம்பின் வெளிவிளிம்பிலே நெகிழ்ந்த வளையம் ஒன்றும், சுருளின் அருகே ‘ஸ்பைடர்’ எனத் தொழிலாளர் கூறும் மடிப்புத் துணி ஒன்றும் அதனை நடுவிலே நிறுத்தி வைக்கின்றன. புனல் வடிவான கருவியிலோ, கூம்புக்குப் பதிலாகச் சிறிய மெல்லிய தகடு ஒன்று சுருளோடு இணைந்து அதிர்கிறது.

அசையும் சுருள் என்னும் கருத்துக்கு ஒலிவர் லொட்ஜ் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1898ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். அதனை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர். அவர்களுடைய ஆய்வுரை வெளிவந்தது 1925ஆம் ஆண்டு. அதே ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதிதான் கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு முறைப்படி ஆரம்பமாயிற்று. பளிங்கு வானொலி வைத்திருந்தோர் அக்காலத்திலே காதிற் கருவியை மாட்டிக்கொண்டு தனித்தனியே கேட்டனர். ஒரு வீடு முழுவதும், ஓர் ஊர் முழுவதும் கூடியிருந்து கேட்கும் வழக்கத்தைப் பரப்பியது இவ்வொலிபெருக்கியே. நூறு ஆண்டுகள் சென்றும் அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஆகையால் அதன் நோய்களும் மாறவில்லை.

பழுது ஏற்பட்டபோது முதலிற் செய்ய வேண்டியது, குற்றம் எதனிடத்தில் உள்ளது என்பதைத் தெளிதல். மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, நலமாயுள்ள வேறொரு ஒலிபெருக்கியை அதே கம்பிகளிலே இணைத்துப் பார்க்கலாம். அதிலும் அதே கரகரப்புக் கேட்டால் குற்றம் அம்பிளிபயரிலோ, அதற்கு முன்னுள்ள ஒலிவாங்கியிலோ, கம்பியிலோ இருக்கிறது. தெளிவாகக் கேட்டாற் குற்றம் ஒலிபெருக்கியினது. வால்வுகள் பொருத்திய பழைய வானொலிப் பெட்டியை ஒலிபெருக்கி இணைக்காமல் இயக்குதல் ஆகாது. அதன் வெளியீட்டு மாற்றி பழுதாகக்கூடும். அன்றியும், அத்தகைய பெட்டியினுள்ளே நூற்றுக்கணக்கான உவோல்ற்று மின்னழுத்தம் உண்டு. நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். அதனைத் திறத்தல் பயின்றவர்க்கே உரியது.

குற்றம் ஒலிபெருக்கியினது எனத் தெரிந்தபின், அதனைக் கழற்றி வைத்து எளிய சோதனை ஒன்று செய்யலாம். ரோச் விளக்குக்குரிய 1.5 உவோல்ற்று மின்கலம் ஒன்றின் இரு முனைகளையும் இரு கம்பிகளால் ஒலிபெருக்கியின் முனைகளோடு ஒரு கணம் தொடுத்து எடுக்க வேண்டும். ‘டக்’ என்ற ஒலியோடு கூம்பு அசைந்தாற் சுருள் உயிரோடிருக்கிறது. எவ்வித ஒலியும் இல்லையாயின் சுருள் அறுந்திருக்கலாம். அல்லது சுருளுக்குச் செல்லும் பின்னற் கம்பி அறுந்திருக்கலாம். பல்மானி வைத்திருப்போர் தடையை அளந்து பார்க்கலாம். 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி ஏறத்தாழ 6 அல்லது 7 ஓம் காட்டும். 4 ஓம் எனக் குறிக்கப்பட்டது 3 ஓமுக்குச் சற்று மேலாகக் காட்டும். இக்குறைவைக் கண்டு பழுது என எண்ணலாகாது. முதுகிலே எழுதப்பட்டிருப்பது ஆடலோட்டத்துக்குரிய அளவு. பல்மானி காட்டுவது நேரோட்டத்துக்குரிய தடை. உயர்ந்த ஒலிக்கான சிறு ஒலிபெருக்கியோடு கொள்ளளவி ஒன்று தொடராக இணைக்கப்பட்டிருந்தால், அதனை நீக்கியே அளக்க வேண்டும். கொள்ளளவி நேரோட்டத்தைச் செல்லவிடாது.

ஒலி வருகிறது, ஆனால் வழக்கம்போல் இல்லை என்றால், அவ்வொலியே நோயைச் சொல்லும். சன்னமான சத்தத்திலும் உராய்வது போன்ற கரகரப்புக் கேட்டால், சுருள் இடைவெளியின் சுவரிலே தேய்கிறது எனலாம். இரு கைவிரல்களாலும் கூம்பைச் சமமாகவும் மெதுவாகவும் உள்ளே அழுத்தினால் அத்தேய்வு விரலுக்குத் தெரியும். சூட்டினாற் சுருள் உருக்குலைந்திருக்கலாம். இரும்புத் துரு இடைவெளியிற் புகுந்திருக்கலாம். கீழே விழுந்ததனாற் காந்தம் இடம் பெயர்ந்திருக்கலாம். தடித்த ஒலிகளில் மட்டும் ஒரு படபடப்புக் கேட்டாற் கூம்பு கிழிந்திருக்கலாம். அல்லது நடுவிலுள்ள தூசி மூடி கழன்றிருக்கலாம். பெட்டியின் ஆணி ஒன்று தளர்ந்திருந்தாலும் இவ்வொலி வரும். ஆகையால் முதலில் அதனைப் பார்ப்பது நன்று. தடித்த ஒலி முற்றாகக் குறைந்துபோனால் விளிம்பு வளையத்தை நோக்க வேண்டும். 1970களிலும் அதன் பின்னும் வந்த பல ஒலிபெருக்கிகளின் வளையம் ஒருவகைச் செயற்கை நுரையினாலானது. பத்து இருபது ஆண்டுகளில் அது தானாகவே பொடியாய் உதிரும். உபயோகியாது அலுமாரியில் வைத்திருந்தாலும் உதிரும்.

திறந்த வெளியிலிருக்கும் புனல் வடிவான கருவிக்கு வேறு பகைகளும் உண்டு. வாயை மேல்நோக்கிக் கட்டினால் மழைநீர் உள்ளே தேங்கும். பல மாதம் பேசாதிருந்தால் குளவி கூடு கட்டும். கடற்கரையூர்களிலே உப்புக்காற்று முனைகளை அரிக்கும். ஒலி குன்றியதும் தகடு போயிற்று என முடிவு செய்யுமுன் புனலின் தொண்டையைப் பார்த்தல் வேண்டும்.

இனித் திருத்தும் வகையை நோக்கலாம். கூம்பிலே சிறு கிழிசல் ஏற்பட்டிருந்தால் அதனை வீட்டிலேயே ஒட்டலாம். பட்டம் கட்டுவதற்குப் பயன்படும் மெல்லிய ரிசுத்தாளைக் கிழிசலினும் சற்றே பெரிதாகக் கிழித்தெடுத்து, தச்சர் உபயோகிக்கும் வெண்பசையைச் சிறிது நீர் கலந்து தடவி, இருபுறமும் ஒட்டி நன்றாக உலரவிட வேண்டும். தடித்த ஒட்டுநாடா கூம்பின் பாரத்தைக் கூட்டி ஒலியைக் கெடுக்கும். பின்னற் கம்பி அறுந்திருந்தால் அதே வகையான நெகிழ்ந்த கம்பியையே ஈயம் வைத்துப் பொருத்த வேண்டும். சாதாரணச் செப்புக்கம்பி ஓயாத அசைவைத் தாங்காது விரைவில் ஒடிந்துவிடும். புனல் வடிவான கருவியின் அதிர்தகடும் சுருளும் சேர்ந்து ஒரே உறுப்பாகக் கடைகளில் விற்கப்படுகின்றன. ஆணிகளைக் கழற்றி, இடைவெளியிலுள்ள துருவை ஒட்டும் நாடாவின் விளிம்பினால் ஒற்றியெடுத்து, புதியதை நடுவாக வைத்து, எதிரெதிர் ஆணிகளாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

பெரிய ஒலிபெருக்கியின் சுருள் எரிந்திருந்தாலும் அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. சட்டமும் காந்தமும் பெரும்பாலும் கெடுவதில்லை. கூம்பு, சுருள், மடிப்புத் துணி ஆகியவற்றை அகற்றிப் புதியனவற்றை ஒட்டுவதைத் தொழிலாகச் செய்வோர் உளர். சுருள் சுவரிலே தொடாதிருக்கும்பொருட்டு மெல்லிய படத்தாட் கீற்றுகளைச் சுற்றிலும் செருகி, பசை உலர்ந்தபின் அவற்றை உருவியெடுப்பர். இது பொறுமையும் பயிற்சியும் வேண்டிய வேலை. பழைய ஒலிபெருக்கிகளில் உள்ள அல்னிக்கோ என்னும் காந்தத்தை மட்டும் அதன் இரும்புக் கூட்டிலிருந்து பிரிக்கலாகாது. பிரித்தால் அதன் காந்த வலிமை குன்றும், மீளக் காந்தமூட்டினாலன்றி அது திரும்பி வாராது. சிறிய வானொலிப் பெட்டியின் மூன்றங்குல ஒலிபெருக்கிக்கோ இத்துணை உழைப்பு வேண்டியதில்லை. அதே பருமனும், அதே ஓம் அளவும், குறையாத உவாற்று அளவும் உடைய புதியதை மாற்றுவதே மலிவு.

ஆயினும் உறுப்பை மாற்றியவுடன் திருத்தம் நிறைவுற்றதாகாது. சுருள் ஏன் எரிந்தது என்னும் வினாவுக்கு விடை காணாதவரையில் புதிய சுருளும் அதே வழியே செல்லும். கூம்புடைய ஒலிபெருக்கிகள் தம்மிடம் வரும் மின்சத்தியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே பெரும்பாலும் ஒலியாக மாற்றுகின்றன, எஞ்சியது சூடாகிறது. சூடேறிய செம்பின் தடை, வெப்பநிலை ஒரு பாகை உயர ஏறத்தாழ நூற்றுக்கு 0.4 பங்கு கூடும். தடை கூட, ஒலி சற்றே குன்றும். குன்றியதைக் கேட்டு இயக்குபவர் திருகியை மேலும் திருப்புவார்; சுருள் மேலும் சூடேறும். ஒரு கட்டத்திலே அம்பிளிபயர் தன் எல்லையை அடைந்து, ஒலியலைகளின் உச்சியை வெட்டித் தட்டையாக்கிவிடுகிறது. 50 உவாற்று அம்பிளிபயர் முற்றாக வெட்டுண்ட அலையைத் தரும்போது ஏறத்தாழ 100 உவாற்று வரை வெளிவிடக்கூடும். சிறிய அம்பிளிபயர் பெரிய ஒலிபெருக்கியை எரிக்காது என்னும் நம்பிக்கை பிழையாவது இங்கேதான்.

இணைப்பிலுள்ள தவறும் பெருங்காரணம். இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைச் சமாந்தரமாக இணைத்தால் அம்பிளிபயர் காண்பது 4 ஓம். அதனைத் தாங்குமா என்பதை முன்னரே பார்க்க வேண்டும். நீண்ட கம்பிகளில் 100 உவோல்ற்று முறையில் இணைக்கும்போது, எல்லாப் புனல்களின் உவாற்றுகளையும் கூட்டிய தொகை அம்பிளிபயரின் அளவை மிஞ்சலாகாது. நான்கு 15 உவாற்றுப் புனல்களுக்கு 60 உவாற்று வேண்டும். இரண்டு ஒலிபெருக்கிகள் அருகருகே இருந்தால் சிவப்புக் குறியிட்ட முனைகள் இரண்டையும் ஒரே கம்பியில் இணைக்க வேண்டும். மாறி இணைத்தால் ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்து, தடித்த ஒலி கெட்டுப்போகும். புதிதாகத் திருத்திய ஒலிபெருக்கியைப் பழுது எனத் திருப்பிக் கொண்டுவருவோருட் சிலரது குற்றம் இதுவே.

ஒலி தெளிவாக இல்லாதபோது திருகியைக் கூட்டாது குறைக்க வேண்டும். குறைத்துக் கேட்டால், எது தேய்கிறது, எது படபடக்கிறது என்பது புலப்படும். ஒலிவாங்கியை வாயருகே பிடித்து, நிதானமாகவும் சொற்களைப் பிரித்தும் பேசினால், பாதிச் சத்தத்திலேயே ஊர் முழுவதற்கும் செய்தி விளங்கும். சுருளும் எரியாது, அயலிலே படிக்கும் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் இடையூறும் நேராது. ஒரு சனசமூக நிலையத்திலே ஒலிபெருக்கியைப் பொறுப்பேற்றிருப்பவர், அதனை எவ்வளவு உரக்கப் பேசவைக்கலாம் என்று பாராமல், அது சொன்ன மணியும் இடமும் கடைசி வீட்டுக்கு விளங்கினவா என்று ஆளனுப்பிக் கேட்டறிவாராயின், அக்கருவி அவருக்குப் பின்வருபவரிடமும் பழுதின்றிப் போய்ச் சேரும்.